சர்க்கரைக்கு ஒரு வாசல், மனத்துக்கு வேறொரு வாசலா?

பாலோ வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டும் ஓர் அம்மாளை நாம் அறிவோம். வயது ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருடமாகக் கத்தி பிடித்த கை. மரத்தில் காயம் படாமல் வெட்டுவதில் அவருக்கு நிகர் அந்த டிவிஷனில் இல்லை என்று மண்டோரே சொல்லுவார். கணவர் காலமான பிறகு அந்தக் கை தடுமாறத் தொடங்கிற்று. வெட்டுப் பட்டை கனமாகப் போயிற்று. கத்தி கட்டையைத் தொட்டது. பால் குறைந்தது. மண்டோர் முதலில் சொல்லிப் பார்த்தார், பிறகு ஏசினார், பிறகு ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்த அம்மாளுக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு. தவணை தவறாமல் சர்க்கார் கிளினிக் ஒன்றுக்குப் போய் வருவார். போகும்போதெல்லாம் சர்க்கரை ஏறியிருக்கும். மாத்திரையைக் கூட்டினார்கள், மறுபடியும் கூட்டினார்கள், கடைசியில் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். "சோற்றைக் குறைக்கச் சொன்னோமே, ஏனம்மா கேட்கவில்லை?" என்று கடிந்துகொண்டார்கள். அம்மாள் பதில் சொல்லவில்லை. அவர் சோறு உண்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. பால் ஊற்றாத கோப்பியும் ரொட்டியும்தான் ஆகாரம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாசற்படியில் உட்கார்ந்தால் பெரட்டுக்கு நேரமாகும்வரை அப்படியே இருப்பார். மாத்திரை உண்டோமா இல்லையா என்ற ஞாபகம் இராது.

ஒரு நாள் புதிதாக மாற்றலாகி வந்த மருத்துவ உதவியாளர் ஒருவர், அம்மாளின் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "இராத்திரி தூக்கம் எப்படியம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒன்றரை வருடத்து அழுகையை அம்மாள் அந்த நாற்காலியில் அழுது தீர்த்தார். அன்றைய தினம் அதே கூடத்தில், அதே அட்டையில், அவருடைய மனச்சோர்வுக்கும் சிகிச்சை ஆரம்பமாயிற்று. சில மாதங்களில் சர்க்கரை இறங்கிற்று. மரமும் காயத்திலிருந்து தப்பிற்று.

ஒரு நல்ல மனிதரைப் பாராட்டுவதோடு இதை முடித்துக்கொள்ள நமக்கும் ஆசைதான். ஆனால் அந்த உதவியாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் போனதும் அந்தக் கேள்வியும் போய்விட்டது. அம்மாள் மறுபடியும் இரவில் வாசற்படிக்கு வந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லுகிறார்கள். ஏற்பாடாக இருக்க வேண்டியது ஒருவருடைய இரக்கமாக இருந்துவிட்டது. நமது கேள்வி இதுதான்: சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் போய் வரும் அதே கிளினிக்கில், அதே நாளில், மனத்தின் நோவையும் கேட்டுப் பார்த்து வைத்தியம் செய்வதை ஏன் நிரந்தர முறையாக்கக் கூடாது?

நம்மவர்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, கை கால் எரிகிறது, வயிற்றில் ஏதோ உருளுகிறது, பசி இல்லை, அசதி என்றுதான் சொல்லுவார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. மனம் நொந்தவனுடைய உடம்பும் சேர்ந்துதான் நோகிறது. டாக்டரோ நெஞ்சுக்கு ஒரு படம், வயிற்றுக்கு ஒரு மருந்து, தலைக்கு ஒரு மாத்திரை என்று கொடுத்து அனுப்பிவிடுகிறார். மாத்திரைப் பை கனக்கிறது. நோவு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சர்க்கரை வியாதிக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவை வைத்தியர்கள் நீண்ட காலமாக அறிவார்கள். சர்க்கரை உள்ளவருக்கு மனச்சோர்வு வருவது மற்றவரைக் காட்டிலும் அதிகம். மனச்சோர்வு வந்தவர் மருந்து, சாப்பாடு, நடை எல்லாவற்றையும் கைவிடுகிறார், சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை காலிலும் கண்ணிலும் வேலையைக் காட்டும்போது, மனம் இன்னும் தாழ்ந்து போகிறது. 2019-ல் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகக் கண்டார்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிக அதிகம். 2023-ல் நடந்த கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்கள் 100-க்கு 4.6 பேர் என்று வந்தது. 2019-ல் அது 2.3 ஆக இருந்தது. நான்கே வருடத்தில் இரட்டிப்பு. இந்த இரண்டு கணக்கும் தனித்தனித் தாளில் அச்சாகின்றன. நம் லயத்திலோ ஒரே வீட்டில், பல சமயம் ஒரே ஆளிடம், அவை சேர்ந்து குடியிருக்கின்றன.

நம் பெற்றோர் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் டிரெசர் இருந்தார். தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்று 1965-ல் ஒரு சட்டமே வந்தது. டிரெசர்மார் எல்லாரும் தர்மவான்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. எல்லா வியாதிக்கும் ஒரே கலர் தண்ணீர் கொடுத்தவர்களும் இருந்தார்கள். துரைக்குப் பயந்து, நிஜமான காய்ச்சல்காரனையும் வேலைக்கு விரட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் டிரெசருக்கு ஒன்று தெரியும். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் கடன், யார் மகன் படிப்பை விட்டான், யார் புருஷன் சம்சுவில் விழுந்தான் என்பதெல்லாம் அவருக்கு நோயாளி வாயைத் திறக்கும் முன்பே தெரியும். இன்றைக்கு ரப்பர் குறைந்து செம்பனை பெருகி, தோட்டங்கள் துண்டுபட்டு, நம்மவர்களில் பெரும் பகுதி டவுனுக்குப் பெயர்ந்துவிட்ட பிறகு, அந்த டிரெசர் இல்லை. கிளினிக்கில் அட்டை இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆளைத் தெரிந்தவர் இல்லை.

அந்தக் காலத்து ஏற்பாட்டிலும் மனநோய்க்கு இடம் இருந்ததில்லை. புத்தி பேதலித்தது என்றால் முதலில் கோயில், பிறகு மந்திரவாதி அல்லது போமோ, அதற்கும் அடங்காவிட்டால் போலீஸ் வண்டியில் தம்போய். ஜொகூரில் பிறந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. இன்று பெர்மாய் என்ற நல்ல பெயரோடு, நல்ல வைத்தியத்தோடு அந்த ஆஸ்பத்திரி நடக்கிறது. ஆனால் பாலோவிலிருந்து நூறு கிலோ மீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அந்த இடத்தின் பெயரை நாம் ஏசுவதற்கு வைத்துக்கொண்டோம். பேராவில் தஞ்சோங் ரம்புத்தானும் அப்படியே. அங்கே 1911-ல் கட்டிய ஆஸ்பத்திரியின் பெயரும் வைவதற்குத்தான் பயன்பட்டது. பெயரே வசவானால், எவன் தன் பெண்டாட்டியை அங்கே அழைத்துப் போவான்?

கோயிலுக்குப் போவதை நாம் குறை சொல்லவில்லை. மனம் நொந்தவருக்கு அங்கே கிடைக்கும் ஆறுதல் மெய்யானது. ஆனால் வைத்தியம் எட்டாத இடத்தில் ஆறுதல் சங்கிலியாக மாறிவிடும். தமிழ்நாட்டில் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி நடந்ததை மறக்க முடியுமா? குணம் நாடி வந்த மனநோயாளிகளைக் காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் தீப்பிடித்தது. கட்டப்பட்டவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஏழைகள். பக்கத்தில் வேறு வாசல் இல்லாதவர்கள்.

நம் நாட்டில் சட்டம் முன்னேறியிருக்கிறது. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1952-ம் வருடத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2001-ல் மனநலச் சட்டம் நிறைவேறியது. 2010-ல் அமலுக்கு வந்தது. மனநோய் தெளிந்து நிலைப்பட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய விடாமல் சுகாதாரக் கிளினிக்குகளிலேயே பார்ப்பது என்ற கொள்கையும் 1990-களின் பிற்பகுதியிலிருந்தே இருக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவை 2023-ல் நாடாளுமன்றம் நீக்கியது. அதற்கு முன்னே, பிழைத்து எழுந்தவனைப் பார்க்க டாக்டருக்குப் பின்னால் போலீஸ்காரர் நிற்பார் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தினால் குடும்பங்கள் எத்தனை விஷயங்களை மூடி மறைத்தன என்பது லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. 1988-ல் டாக்டர் மணியம் என்ற மலேசிய மனநல மருத்துவர், கேமரன் மலைப் பகுதியின் தற்கொலைகளை ஆராய்ந்து பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதினார். அங்கே இந்தியரிடையே அது மிகுதி என்பதையும், பயிருக்கு அடிக்கும் விஷ மருந்துகள் அதற்குக் கையெட்டும் தூரத்தில் இருந்ததையும் அவர் எடுத்துக் காட்டினார். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் நாடு 2002-ல் தடை செய்தது, 2006-ல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து மறுபடியும் முற்றாகத் தடுத்தது. ஸ்டோரில் விஷத்தைப் பூட்டி வைப்பது நல்லது, அவசியமும்கூட. ஆனால் ஒருவன் ஸ்டோரை நோக்கி நடக்கும் அளவுக்கு மனம் உடைவதற்கு முன்னால், அவன் பத்துத் தடவையாவது ஏதோ ஒரு வலியைச் சொல்லிக்கொண்டு ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருப்பான். அந்தப் பத்துத் தடவையில் ஒரு தடவையாவது அவனிடம் கேட்க வேண்டாமா?

"டாக்டருக்கு நேரம் எங்கே? ஐந்து நிமிடத்தில் ஓர் ஆளைப் பார்த்து அனுப்புகிறார். அவரிடம் போய் மனத்தையும் கேள் என்றால் எப்படி?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்கு விடை சென்னையிலிருந்து கிடைத்திருக்கிறது. சென்னை, டெல்லி, பெங்களூர், விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களின் நான்கு சர்க்கரை வியாதிக் கிளினிக்குகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். சர்க்கரையும் கட்டுப்படாமல் மனச்சோர்வும் உள்ள 404 நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் செய்தார்கள். மறுபாதிக்கு ஒரே ஒரு மாற்றம். டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற ஓர் உதவியாளர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். மருந்து உண்டார்களா, தூங்கினார்களா, என்ன கவலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் அந்தக் குறிப்பைக் குறித்த காலத்தில் சேர்ந்து பார்த்து, மருந்தை மாற்ற வேண்டியவர்களுக்கு மாற்றச் சொன்னார்கள். 2020-ல் முடிவு வெளியாயிற்று. இரண்டு வருட முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, அத்துடன் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் புது ஏற்பாட்டில் 100-க்கு 71 பேருக்கு மேல். வழக்கமான வைத்தியத்தில் 57 பேர்.

இதில் பெரிய யந்திரம் எதுவும் இல்லை, புதிய கட்டடம் இல்லை, விலை உயர்ந்த மருந்தும் இல்லை. கூடுதலாக ஓர் ஆள், அவருக்குப் பயிற்சி, அவருக்குப் பின்னால் ஒரு நிபுணர். ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டிலோ இன்னும் எளிய முறை. அங்கே மனநல மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உண்டு. அதனால் ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வளாகத்தில் மரப்பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். மனம் நொந்து வந்தவர்கள் பாட்டியிடம் உட்கார்ந்து பேசித் தெளிந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் பலன் உண்டென்று கண்டு, 2016-ல் பெரிய மருத்துவ இதழில் எழுதினார்கள். நம் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்த ஆயாமாரை நினைத்துக்கொண்டோம். அவர்களில் எத்தனை பேர் அந்தப் பெஞ்சுக்கு ஏற்றவர்கள்!

பாலோவில் சர்க்கார் சுகாதாரக் கிளினிக் இருக்கிறது. குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அதை மீறியவற்றுக்குக் குளுவாங் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆக, சுவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு வாசலைத் திறப்பதுதான் பாக்கி. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்விகளைக் கேட்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் மனம் தாழ்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில் விருப்பம் அற்றுப் போயிற்றா? உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்தும் கேள்விகள் இவை. ஆம் என்பவரிடம் மேலும் சில கேள்விகள். தேவைப்பட்டவருக்கு அன்றைக்கே பேச ஓர் ஆள். குளுவாங் நிபுணர், வாரம் ஒரு முறை பட்டியலைப் பார்த்து ஆலோசனை சொன்னால் போதும்; முக்கால்வாசிப் பேர் பஸ் ஏற வேண்டியதில்லை.

பஸ் ஏறுவது சிறிய காரியம் என்று நினைப்பவர்கள் பால் வெட்டிப் பார்த்ததில்லை. குளுவாங்குக்குப் போனால் அன்றைய வெட்டு போயிற்று. அங்கே கொடுப்பது பல சமயம் 'டைம் ஸ்லிப்', எம்.சி. இல்லை. எம்.சி. இல்லாவிட்டால் செக்ரோலில் சம்பளம் இல்லை. வேலைச் சட்டத்தின் நோய் லீவில் உடம்பு நோய், மனநோய் என்ற பேதம் இல்லை என்பதைத் தோழர்கள் மனத்தில் வைக்க வேண்டும். டாக்டர் எம்.சி. கொடுத்தால் மனச்சோர்வுக்கும் சம்பளத்தோடு லீவு உண்டு. "இதெல்லாம் ஒரு வியாதியா?" என்று எந்த மேனேஜராவது கேட்டால், சங்கக் கிளைக்குத் தெரிவியுங்கள்.

கிராணிமார்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. இருபது வருடம் ஒழுங்காக வந்தவன் திங்கட்கிழமை தோறும் வராமல் போனால், டிரெசருக்கு முன்பே உங்களுக்குத்தான் தெரியும். சிவப்பு மை போடும் முன் ஒரு வார்த்தை விசாரியுங்கள். உங்களில் பலருக்கும் தூக்கம் இல்லை என்பதை நாம் அறியாமலில்லை. மேலே மேனேஜர், கீழே தொழிலாளி, நடுவே மாதக் கடைசிக் கணக்கு. ரிட்டையர் ஆனால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற கவலை உங்களுக்கும் உண்டு. கழுத்துப்பட்டை கட்டியவனுக்கு மனச்சோர்வு வராது என்று எந்த வைத்திய நூலிலும் எழுதியிருக்கவில்லை.

இரகசியத்தைப் பற்றியும் பாஷையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்தில் காலையில் ஒருவர் டிரெசரிடம் சொன்னது மாலைக்குள் கடைசி லயத்துக்குப் போய்ச் சேரும். கிளினிக்கில் மனத்தைத் திறந்தவருடைய பேச்சு நிர்வாகத்தின் காதுக்குப் போகாது என்ற உறுதி வேண்டும். சர்க்கரை அட்டையும் மன அட்டையும் ஒன்றாக இருப்பதன் பெரிய லாபமே அதுதான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, எதற்காக வந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டிய தனிக் கதவு அங்கே இல்லை.

பாஷை அதைவிடப் பெரிய தடை. பாரத்திலுள்ள மலாய்ச் சொற்களை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். கிளினிக்குக்கு வருபவர்கள் பாட்டியும் தாத்தாவும். பேரனை வைத்துக்கொண்டு "சாக நினைத்தீர்களா?" என்று கேட்டால் எந்தப் பாட்டி உண்மை சொல்லுவாள்? தமிழ் பேசும் ஓர் உதவியாளர் வேண்டும். இன்று நம்மோடு தோட்டங்களில் உழைக்கும் இந்தோனேசிய, வங்காள, நேப்பாளத் தோழர்களின் நிலைமை இன்னும் மோசம். வீடு கடல் கடந்திருக்கிறது. கடன் கழுத்தில் இருக்கிறது. கட்டணமும் அவர்களுக்கு அதிகம். அவர்களை விட்டுவிட்டு நமக்கு மட்டும் கேட்பது சங்க தர்மம் ஆகாது.

சம்சு, பீர் விஷயத்திலும் நம் போக்கு மாற வேண்டும். குடிப்பவனைத் திட்டுவதில் நம் மேடைகளுக்கு நீண்ட அனுபவம் உண்டு. எத்தனை பேர் நம் பேச்சைக் கேட்டுவிட்டார்கள்? துக்கத்தை மறக்கக் குடித்து, குடியால் துக்கம் பெருகியவனுக்கு மேடைப் பேச்சு மருந்தாகாது. கல்லீரலைச் சோதிக்கும் அதே இடத்தில், எவ்வளவு குடிக்கிறாய், எப்போதிலிருந்து, ஏன் என்று மரியாதையாகக் கேட்கும் ஒருவர் வேண்டும்.

இந்த வாசல் திறக்கும்வரை, மனம் தாங்காதவர்கள் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து பேசலாம். பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருப்பதாகத் தெரிந்தால், தனியே விடாமல் கூட இருங்கள்; கிளினிக்குக்குத் துணையாகப் போங்கள்.

குளுவாங் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு மனு தயாராக வேண்டும். அதில் கேட்பது மூன்றே: சர்க்கரை, அழுத்த நோயாளிகள் அனைவரிடமும் அந்த இரண்டு கேள்வி, பாலோவில் தமிழ் பேசும், பயிற்சி பெற்ற, அடிக்கடி மாற்றலாகாத ஓர் உதவியாளர், குளுவாங் நிபுணரின் வாராந்தர ஆலோசனை. நிர்வாகங்களிடம் வேறு கேட்போம்: கிளினிக் தவணை நாளில், எம்.சி. இல்லாவிட்டாலும் அரை நாள் சம்பளம். மனுவைத் தமிழிலும் மலாயிலும் எழுதிக் கொடுக்கக் கிராணிமார் முன்வர வேண்டும். கிளைச் செயலாளர்கள் அடுத்த சம்பள நாளில் பால் ஸ்டோர் வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கட்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை டப்பாவும் கொண்டு போங்கள். முதல் ரேகையை அந்த அம்மாள் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.